தாளில் விழுந்த பச்சை

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக, மேசையில் கவிழ்த்து வைத்திருந்த கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்தேன்.

வெள்ளைத் தாளில் பச்சை!

நேற்று மழை விட்டதும் புல்வெளியில் பறித்த காளான் அது. உள்ளங்கையை விடப் பெரிய குடை, அதன் மேல் பழுப்புச் செதில்கள். காம்பில் மேலும் கீழும் நகர்த்தக்கூடிய ஒரு வளையம். அடிப்பக்க மடிப்புகள் வெளுப்பாகத்தான் இருந்தன. பார்த்தால் சமைத்துச் சாப்பிடலாம் என்றே தோன்றும்.

காம்பை நறுக்கிவிட்டு, குடையை மட்டும் தாளில் கவிழ்த்து மூடி வைத்தேன். இரவெல்லாம் வித்துத்தூளை உதிர்த்து, தன் மடிப்புகளைத் தானே வரைந்திருக்கிறது. மங்கிய பாசிப் பச்சையில் கோடு கோடாக, நடுவில் காம்பு இருந்த இடம் மட்டும் வெறுமையாக. விரல் வைத்தால் மாவு போல ஒட்டுகிறது.

காளான்களில் பச்சை வித்து ரொம்ப அபூர்வம். இது குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்ற நச்சுக் காளான். தின்றால் சில மணி நேரத்தில் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். இளசாக இருக்கும்போது மடிப்பும் வெள்ளை என்பதால்தான் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். கண்ணை மட்டும் நம்பி எந்தக் காட்டுக் காளானையும் வாயில் வைக்காதீர்கள், தயவுசெய்து.

அப்புறம், பறித்த இடத்துக்கே மறுபடி போனேன். நேற்று கவனிக்கவில்லை, அங்கே இருக்கும் காளான்கள் எல்லாம் பிறை போல வளைந்த ஒரே வரிசையில் நிற்கின்றன. மண்ணுக்குள் பூஞ்சை இழைகள் மக்கியதைத் தின்றபடி நாலா பக்கமும் பரவுகின்றன. அந்த இழைப் பரப்பின் வெளி விளிம்பில்தான் குடைகள் எழும்புகின்றன.

அந்த விளிம்பில் இன்று புதிதாக மூன்று மொட்டுகள், இன்னும் விரியாமல்.