கரன்ட் இல்லாத மைதானத்தில் லிப்போ சார்ஜ்: ஊட்டிக் குளிரில் செய்து பார்த்தது

ஐந்து பேர், ஆளுக்கு ஐந்து சார்ஜ், கண்ணுக்கு எட்டின தூரம் வரை ஒரு கரன்ட் கம்பம் கிடையாது. எங்கள் ஆர்சி கார் (ரிமோட்டில் ஓட்டும் சின்ன கார்) பந்தயத்தின் பிரச்சினை இவ்வளவுதான். இடம் ஊட்டியை அடுத்த நஞ்சநாடு பக்கம், கேரட் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு மண் மைதானம். டிராக் அருமையாக இருக்கும், அதனால்தான் இடத்தை மாற்ற யாருக்கும் மனசு வரவில்லை. சில நாள் காட்டெருமை வந்து நடுவில் நிற்கும், அது கிளம்புகிற வரை பந்தயம் நிற்கும், அது தனிக் கதை.

முதலில் கணக்கு. எங்கள் காரில் போடும் பேட்டரி பேக் பெரும்பாலும் 2 எஸ் (இரண்டு செல் தொடரில்), 5000 எம்ஏஎச் லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர். 7.4 வோல்ட், 5 ஆம்பியர் ஹவர், ஆக 37 வாட் ஹவர். பேக்கை யாரும் அடிமட்டம் வரை இறக்க மாட்டோம், இருபது சதவீதமாவது விட்டுவைப்போம், அதனால் திரும்ப ஏற்ற வேண்டியது 30 வாட் ஹவர். சார்ஜர் தின்பதையும் சேர்த்தால் ஒரு சார்ஜுக்கு 35 என்று வைத்துக்கொள்ளலாம். இருபத்தைந்து சார்ஜுக்கு 875 வாட் ஹவர். ஐந்து சார்ஜரும் ஒரே நேரத்தில் 5 ஆம்பியரில் ஓடினால், பேக் நிரம்பும் 8.4 வோல்ட்டில் சார்ஜர் தின்பதும் சேர்த்து மொத்தம் 240 வாட், 12 வோல்ட் பக்கத்திலிருந்து பார்த்தால் 20 ஆம்பியர். 875, 20: இந்த இரண்டு எண்ணும் கைக்கு வந்த பிறகுதான் எதை வாங்குவது எதை விடுவது என்று பேசவே முடிந்தது, அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் டீக்கடை விவாதம்.

எல்லோரும் முதலில் சொல்வது ஜெனரேட்டர். வாடகைக்கு ஒரு சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் எடுத்து வைத்துப் பார்த்தோம். வேலை செய்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் சமவெளியில் தருகிற சக்தியை அது இங்கே தராது. காற்று மெலிசு, எஞ்சினுக்குள் போகிற ஆக்சிஜன் குறைவு. பல ஜெனரேட்டர் கையேடுகளில் 300 மீட்டர் ஏறினால் 3.5 சதவீதம் குறையும் என்று போட்டிருக்கும். ஊட்டி உயரம் 2,240 மீட்டர் என்று வைத்தால் 26 சதவீதம் போச்சு. ஆயிரம் வாட் என்று எழுதியிருந்தால் 740 என்று படியுங்கள். எங்கள் 240 வாட்டுக்கு அது போதும்தான், ஆனால் ஒருத்தர் சால்டரிங் அயர்னும் இன்னொருத்தர் டீ கெட்டிலும் செருகின உடனே முனக ஆரம்பித்துவிடும். அதோடு சமவெளிக்கு வைத்த கார்புரேட்டர் ஜெட் (பெட்ரோல் வரும் சின்னத் துளை) இங்கே பெட்ரோலை அதிகமாக விடும், கரும்புகை வரும், ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கும். சின்ன ஜெட் மாற்றிப் போட்டால் சரியாகும், ஆனால் வாடகை மெஷினில் யார் கை வைப்பது? சத்தமும் பெரிய தொல்லை. சுற்று எண்ணுகிறவர் கத்துவது ஓட்டுகிறவர் காதில் விழவில்லை.

அடுத்து வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி, 12 வோல்ட், 150 ஆம்பியர் ஹவர் டியூபுலர், லெட் ஆசிட் வகை. பெயர்ப்பலகையில் 1,800 வாட் ஹவர். லெட் ஆசிட்டைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும், அதனால் கைக்கு 900. நமக்கு வேண்டியது 875, சரியாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அந்த 150 என்பது 27 டிகிரி வெப்பத்தில் மெதுவாக இறக்கும்போது கிடைப்பது. குளிர்காலத்தில் காலை ஏழு மணிக்கு இங்கே பத்து டிகிரி கூட இருக்காது, அந்தக் குளிரில் பத்து சதவீதத்துக்கு மேல் காணாமல் போகும். மேலும் பேட்டரி ஐம்பது கிலோவைத் தாண்டும். அதைக் காரில் ஏற்றி வளைவுகளில் ஆசிட் சிந்தாமல் கொண்டு போய் இறக்கி, மறுபடி ஏற்றி... முதுகு இருக்கிறவர்கள் செய்யட்டும். கார் பேட்டரியே போதாதா என்று மேட்டுப்பாளையத்தில் ஒரு பேட்டரிக் கடையில் கேட்டதற்கு கடைக்காரர் சிரித்தார். "இது வண்டியை ஸ்டார்ட் பண்ணத்தான் தம்பி, நாள் பூரா கறக்கறதுக்கு இல்ல." உண்மைதான், அதில் தகடுகள் மெலிசு, ஒரு நொடி பெரிய ஆம்பியர் தருவதற்காகச் செய்தது, ஆழமாக இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும்.

இருந்தாலும் டியூபுலரை வைத்து ஒரு பந்தயம் ஓட்டினோம், அதில்தான் உண்மையான விஷயம் பிடிபட்டது. பேட்டரியில் இன்னும் நிறைய மிச்சம் இருக்கும்போதே சார்ஜர்கள் ஒவ்வொன்றாக "இன்புட் வோல்டேஜ் குறைவு" என்று நின்றன. பேட்டரி முனையில் மீட்டர் வைத்தால் 12.0. சார்ஜர் முனையில் 11.1. நடுவில் மூன்று மீட்டர் ஒயர், வீட்டு ஒயரிங்குக்கு வாங்குகிற 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்). செம்பில் அந்தத் தடிமனுக்கு மீட்டருக்கு 7 மில்லி ஓம். போக மூன்று, வர மூன்று, ஆக ஆறு மீட்டர், 42 மில்லி ஓம். 20 ஆம்பியர் ஓடினால் 0.84 வோல்ட் ஒயரிலேயே போய்விடும், மீதியை முதலைக் கிளிப் தின்றுவிடும். 230 வோல்ட்டில் இந்த 0.84 யாருக்கும் தெரியாது, 12 வோல்ட்டில் அது ஏழு சதவீதம். சார்ஜர் தானாக நிற்கும் கட்-ஆஃப் 11 வோல்ட்டுக்கு வைத்திருந்தோம், பேட்டரி கொஞ்சம் இறங்கினாலே முடிந்தது கதை.

அதனால் பெரிய பேட்டரிக்குப் போவதற்கு முன்னால் ஒயரை மாற்றினோம். 10 ஸ்கொயர் ஒயர், நீளம் ஒன்றரை மீட்டர், கிளிப்புக்குப் பதில் ஒயர் முனையில் லக் (ஓட்டை உள்ள உலோக முனை) வைத்து அழுத்திக் கிரிம்ப் செய்து போல்ட் போட்டது. இழப்பு 0.1 வோல்ட் அளவுக்கு வந்துவிட்டது. செலவு மிகக் குறைவு, பலன் மிக அதிகம். பேட்டரியை மேஜையடியில் வை, மேஜையைத் தூக்கிக்கொண்டு பேட்டரியிடம் போ, எது வேண்டுமானாலும் செய், 12 வோல்ட் ஒயரை மட்டும் நீட்டாதே என்பது இப்போது எங்கள் குழுவில் சட்டம்.

இன்வெர்ட்டர் வைத்து 230 ஆக்கி அதில் சார்ஜரைச் செருகினால் ஒயர் பிரச்சினை இல்லையே என்று கேட்பீர்கள். சரிதான், ஆனால் 12-ஐ 230 ஆக்கி, அதை மறுபடி சார்ஜர் உள்ளே இறக்கி, இரண்டு இடத்திலும் இழப்பு. பத்திலிருந்து இருபது சதவீதம் வெறும் சூடாகப் போகும். சார்ஜரில் டிசி இன்புட் இருந்தால் நேராக அதிலேயே கொடுங்கள். ஏசி மட்டும் உள்ள சார்ஜர் வைத்திருக்கும் ஒருவருக்காக 300 வாட் ப்யூர் சைன் (வீட்டுக் கரன்ட் மாதிரி சீரான அலை தருகிற) இன்வெர்ட்டர் ஒன்று பெட்டியில் இருக்கிறது, அவர் சார்ஜ் முடிந்ததும் உடனே அணைத்துவிடுவோம்.

இப்போது ஓடுவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட். 3.2 வோல்ட் 100 ஆம்பியர் ஹவர் செல் நான்கு, செல்களைக் காவல் காக்கும் பிஎம்எஸ் போர்டு ஒன்று, எல்லாம் பழைய தேயிலைப் பெட்டி ஒன்றுக்குள். தொடரில் சேர்ப்பதற்கு முன்னால் நான்கையும் பேரலலில் கட்டி 3.65 வோல்ட்டுக்கு ஏற்றி சமப்படுத்திக்கொண்டேன், இதற்குப் பொறுமை வேண்டும், இரவெல்லாம் ஆகும். 12.8 வோல்ட், 1,280 வாட் ஹவர், பெட்டியோடு சேர்த்து ஒரு கையால் தூக்கலாம். லெட் ஆசிட் மாதிரி படிப்படியாக இறங்காது, கிட்டத்தட்ட கடைசி வரை 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும், சார்ஜர்கள் புகார் சொல்வதே இல்லை. ஆனால் இதை ஷார்ட் செய்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், ஸ்பானர் உருகும். பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 60 ஆம்பியர் ஃபியூஸ், அப்புறம் பஸ்பார் (கரன்ட்டைப் பிரிக்கும் செம்புப் பட்டை), அதிலிருந்து ஐந்து எக்ஸ்டி60 கனெக்டர், ஒவ்வொன்றுக்கும் தனியாக 15 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ். ஒருவர் சொதப்பினால் அவருடையது மட்டும் போகும், மற்ற நான்கு பேர் ஓட்டிக்கொண்டே இருப்பார்கள்.

வோல்டேஜைப் பார்த்து மிச்சம் எவ்வளவு என்று இதில் கண்டுபிடிக்க முடியாது, அதனால் போகிற கரன்ட்டை அளந்து கூட்டிக்கொண்டே வரும் ஷன்ட் வைத்த மீட்டர் போட்டேன். போன பந்தயம் முடிந்தபோது மீட்டர் காட்டியது 71 ஆம்பியர் ஹவர் செலவு. 12.8-ஆல் பெருக்கினால் 909. தாளில் போட்ட கணக்கு 875. இவ்வளவு பக்கத்தில் வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை.

சோலார் பற்றி ஒரு வார்த்தை. 100 வாட் பேனல் ஒன்று, பேனலிலிருந்து முடிந்த அளவு சக்தியைக் கறக்கும் எம்பிபிடி கன்ட்ரோலரோடு. வெயில் இருந்தால் மலை திருப்பிக் கொடுக்கிற ஒரே இடம் இதுதான்: பேனல் சூடானால் டிகிரிக்கு 0.4 சதவீதம் வரை சக்தி குறையும், சமவெளியில் பேனல் அறுபது டிகிரிக்குப் போகும், இங்கே ஜனவரி வெயிலில் அந்த அளவுக்குச் சூடாகாது. காலையில் 90 வாட்டுக்கு மேல் பார்த்திருக்கிறேன். மத்தியானம் மேகம் இறங்கினால் அதே பேனல் பத்து வாட். ஆகவே சோலாரை நம்பிப் பந்தயம் வைக்க முடியாது, உபரியாக வைத்துக்கொள்ளலாம். ஜூன், ஜூலையில் ஊட்டிப் பக்கம் அந்த உபரியும் இல்லை.

குளிர் காரின் பேக்கையும் விடாது. இரவெல்லாம் காரில் கிடந்த லிப்போவை அப்படியே சார்ஜில் போட்டால் உள் எதிர்ப்பு அதிகமாக இருப்பதால் சீக்கிரமே 8.4 வோல்ட்டைத் தொட்டுவிடும், அப்புறம் ஆம்பியர் இறங்கி நொண்டிக்கொண்டே கிடக்கும். ரொம்பக் குளிர்ந்த செல்லுக்குள் வேகமாக ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து பேக் நிரந்தரமாகக் கெடும். நாங்கள் செய்வது எளிது: வரும்போதே பேக்கை ஸ்வெட்டருக்குள் போட்டுக்கொண்டு வருவது. கோத்தகிரியிலிருந்து வரும் பையன் ஒருவன், "அண்ணா, கோழி அடைகாக்கற மாதிரி இருக்கு" என்பான். முதல் சார்ஜ் பாதி வேகத்தில்தான், 2.5 ஆம்பியர்.

இரண்டு எச்சரிக்கை. வேறு வேறு ஆட்களின் பேக்குகளை ஒரே போர்டில் பேரலலாகச் சொருகுவதை நாங்கள் தடை செய்துவிட்டோம், ஒன்று 7.4-லும் இன்னொன்று 8.2-லும் இருந்தால் சார்ஜர் கேட்காமலேயே ஒன்றிலிருந்து மற்றதுக்குப் பெரிய கரன்ட் பாயும். அதேபோல 4 எஸ் கார்களில் இரண்டு 2 எஸ் பேக் தொடரில் இருக்கும், அவற்றைக் காரிலிருந்து கழற்றாமல் ஒரே 12 வோல்ட் மூலத்தில் ஓடும் இரண்டு சார்ஜரில் போடக்கூடாது. பல டிசி சார்ஜர்களில் கரன்ட் உள்ளே வரும் பக்கமும் வெளியே போகும் பக்கமும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டிருக்காது, ஒவ்வொரு செல்லையும் தனியாகத் தொடும் பேலன்ஸ் ஒயர் வழியாக நேராக ஷார்ட் ஆகும்.

தீ விஷயம் இங்கே தனி. டிசம்பரில் உறைபனி விழுந்து கருகின புல் ஜனவரியிலிருந்து மழை வரும் வரை காய்ந்த பஞ்சுதான், ஒரு பேக் ஊதி வெடித்தால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. சார்ஜ் மேஜையைச் சுற்றிப் புல்லைச் செதுக்கி வெறும் மண்ணாக்கிவிட்டோம், பேக்குகள் தகரப் பெட்டிக்குள், பக்கத்தில் மணல் வாளி இரண்டு. சார்ஜ் ஓடும்போது மேஜையில் யாராவது ஒருவர் இருந்தே ஆக வேண்டும், அவருக்குப் பந்தயம் இருந்தால் அடுத்தவர் உட்கார வேண்டும்.

இப்போதைக்கு மிச்சம் இருக்கும் வேலை லித்தியம் பெட்டியின் குளிர்தான். இந்த வகை செல்லை பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது, வெளியே கரன்ட் எடுக்கலாம், உள்ளே ஏற்றக்கூடாது. ஷெட்டில் வைத்து ராத்திரி சார்ஜ் போட்டால் ஜனவரியில் விடியற்காலை அந்த எல்லை வரும். குறைந்த வெப்பத்தில் சார்ஜை நிறுத்துகிற பிஎம்எஸ் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், அது வரும் வரை பெட்டி சமையலறை மூலையில். வீட்டில் இதற்கு இன்னும் முழு அனுமதி கிடைக்கவில்லை.