ஐயாவின் மீசை மிதந்த கதை

மீசை தனியாகக் கழன்று பேசின் தண்ணீரில் மிதந்தது. தாளில் ஐயா மழுமழுவென்று சிரித்தார். எட்டிப் பார்த்த அப்பத்தா, "காசிக்குப் போனப்பக்கூட அவுக மீசைய எடுக்கலையே தம்பி" என்றாள். ஐயா என் தாத்தா, எனக்கு அவர் பெயர்தான். அப்பத்தா அதைச் சொல்ல மாட்டாள், அதனால் பிறந்ததிலிருந்து நான் 'தம்பி'தான்.

ரங்கூனில் எடுத்த ஐயாவின் போட்டோவை கம் பைக்ரோமேட் என்ற பழைய கைமுறையில் அச்சடிக்க ஆசை. பிசின் கரைசல், டைகுரோமேட் என்ற ரசாயன உப்பு, வாட்டர் கலர் மூன்றையும் கலந்து தாளில் பூசி, படத்தின் அளவுக்கே உள்ள நெகட்டிவை மேலே வைத்து வெயிலில் காட்ட வேண்டும். வெயில் பட்ட இடத்தில் பிசின் சாயத்தோடு இறுகும், படாத இடம் தண்ணீரில் கரைந்து போகும். அவ்வளவுதான் விஷயம். டைகுரோமேட் வெயில் பட்டால் மாறும் என்பதை மங்கோ பாண்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1839-லேயே கண்டு சொல்லிவிட்டார். காரைக்குடி வெயில் கிடைத்திருந்தால் மனிதர் இன்னும் என்னென்ன கண்டிருப்பாரோ.

என் ஆரம்பமே கோளாறு. கடையில் பொத்தாம்பொதுவாக "பிசின்" என்று கேட்டேன், பாதாம் பிசினைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அது கரைகிற சாதி இல்லை. ராத்திரி ஊறப்போட்டது காலையில் சட்டி நிறைய உப்பி நின்றது. அப்பத்தா நன்னாரி சர்பத்தில் போட்டுக் குடித்துவிட்டு, "இந்த வேலை நல்லாத்தான் இருக்கு" என்றாள். அப்புறம்தான் வேலம்பிசின் வாங்கினேன். டைகுரோமேட் பாட்டில் மட்டும் பெட்டகத்துக்குள் பூட்டியே இருக்கும். பார்க்கக் கேசரிப் பவுடர் கணக்காக இருக்கும், ஆனால் புற்றுநோய் வரவழைக்கும் விஷம். கையுறை இல்லாமல் தொடுவதில்லை. கழுவின தண்ணீரையும் முற்றத்து வாரியில் விடாமல் கேனில் பிடித்து வைக்கிறேன்.

மீசைக்கு வருவோம். கறுப்பு நன்றாக விழட்டும் என்று ட்யூபைத் தாராளமாகப் பிதுக்கி, தோசைக் கனத்தில் பூசியிருந்தேன். அவ்வளவு கனத்தில் வெளிச்சம் அடிவரை இறங்காது. மேல்தோல் இறுகும், தாளை ஒட்டிய அடிப்பகுதி கரைந்து மொத்தமாக உரிந்துவிடும். கறுப்பு அதிகமான இடம் துண்டாகவே கழன்று வரும். மீசையைவிடக் கறுப்பு ஐயாவிடம் ஏது?

எனக்கு அப்போது இது தெரியாது. வெயில் போதவில்லை என்று நினைத்து 3 நிமிடத்தை 8 ஆக்கினேன். மீசை நின்றது. வேட்டி போயிற்று. வெள்ளை வேட்டி முழுக்கச் சாம்பல் பூத்து, கிட்டங்கியில் கரிமூட்டை இறக்கியவர் மாதிரி நின்றார் ஐயா. சரி, வெயில் கூடிப்போச்சு என்று 4-க்கு இறக்கி, கறுப்பைப் பாதியாக்கி மெல்லிசாகப் பூசினேன். மீசை நரைத்தது, வேட்டி அப்படியேதான். ஒரு நாள் சாயங்காலமே பூசிய தாளை அலமாரியில் வைத்து மறுநாள் எடுத்தேன். அது முழுக்கவே கழுவ வரவில்லை. வெயிலே வேண்டாம், நம்ம ஊர் வெக்கையும் ஈரமும் போதும், இருட்டிலேயே இறுகிவிடுமாம். பூசிக் காய்ந்ததும் அன்றைக்கே அச்சடித்துவிட வேண்டும்.

கடைசியில் ஒரு தாளில் எல்லாக் கலவையையும் பூசி, காய்ந்த உடனே வெயிலையே காட்டாமல் நேரே தண்ணீரில் போட்டேன். அரை மணி நேரம் கழித்தும் சாம்பல் அப்படியே இருந்தது. அப்போ குற்றவாளி வெயில் இல்லை. சாயம் தாளின் நாருக்குள்ளேயே இறங்கிவிட்டது. ஒரு வாரமாகச் சூரியனைத் திட்டியதெல்லாம் வீண்.

அப்பத்தா ஈரத்தாளை விரலால் தடவினாள். "கஞ்சி போடாத துணில குழம்பு கொட்டுனா கறை போகுமா? என் கண்டாங்கிக்குப் போடுறேன்ல, இதுக்கும் போடு."

புத்தகத்தில் இதைத்தான் ஜெலட்டின் பூசி ஃபார்மலினில் கெட்டிப்படுத்து என்று போட்டிருக்கிறார்கள். ஃபார்மலின் நெடிக்குப் பயந்து நான் தாண்டி வந்த பக்கம் அது. கஞ்சியை வடிகட்டி இரண்டு கை பூசிக் காயவைத்தேன். முதல் தாளில் ஒரு பருக்கை ஐயாவின் கன்னத்தில் மருவாக உட்கார்ந்துவிட்டது. இரண்டாவது தாளில் வேட்டி வெளுத்தது!

மீசைக்கு ஒரே பூச்சில் கறுப்பு ஏற்றுகிற பேராசையையும் விட்டேன். மெல்லிசாக மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் தனி வெயில், தனிக் குளியல். இரண்டாம் பூச்சுக்குள் நனைந்த தாள் சுருங்கி, நெகட்டிவ் பொருந்தாமல் ஐயாவுக்கு இரட்டை மீசை வந்தது தனிக்கதை. முதலிலேயே தாளை வெந்நீரில் நனைத்துச் சுருங்கவிட்டு, அதற்கப்புறம் கஞ்சி போட்டதும் அதுவும் அடங்கியது.

முகப்பில் வைத்த படத்தை அப்பத்தா ரொம்ப நேரம் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள்.

"மீசை அவுகளுதுதான். வேட்டிக்குத்தான் கொஞ்சம் நீலம் முக்கியிருக்கலாம்."