சாப்பாடு ஃப்ரீதான், இருந்தாலும் அந்த ஃபார்மை போட்டுடுங்க

இங்கிலாந்துல புள்ளைங்கள பிரைமரி ஸ்கூல்ல சேர்க்குற நம்ம ஆளுங்ககிட்ட ஃப்ரீ ஸ்கூல் மீல்ஸ் ஃபார்ம போட்டுடுங்கன்னு சொல்லி சொல்லி எனக்கு வாய் வலிச்சுப் போச்சு, அதான் ஒரு தடவ எழுதி வச்சுட்டா அப்புறம் கேக்குறவங்களுக்கு லிங்க் அனுப்பிட்டு நம்ம வேலைய பாக்கலாம்னு உக்காந்துட்டேன்.

விஷயம் பியூபில் பிரீமியம். 2011ல கொண்டு வந்தாங்க. கைல காசு இல்லாத குடும்பத்து புள்ளைங்க படிப்புலயும் பின்னாடி நின்னுடக் கூடாதுன்னு ஸ்கூலோட வழக்கமான பட்ஜெட்டுக்கு மேல தலைக்கு இவ்வளவுன்னு அரசாங்கம் குடுக்குது. 2025-26ல பிரைமரி புள்ளைக்கு 1,515 பவுண்டு, செகண்டரிக்கு 1,075. கவுன்சில் பராமரிப்புல இருக்குற புள்ளைங்களுக்கு 2,630.

சரி, யாருக்கு தேவைன்னு எப்படி கண்டுபிடிக்கிறாங்க? ஃப்ரீ ஸ்கூல் மீல்ஸ் ஃபார்ம் வச்சுதான். யுனிவர்சல் கிரெடிட் (வருமானம் கம்மியா இருக்குறவங்களுக்கு அரசாங்கம் குடுக்குற உதவித்தொகை) வாங்குறவங்கன்னா, வரி போக சம்பாத்தியம் வருஷத்துக்கு 7,400 பவுண்டு தாண்டக் கூடாது. ஒரு தடவ பதிஞ்சுட்டா ஆறு வருஷத்துக்கு அந்த புள்ள கணக்குல இருக்கும், நடுவுல உங்களுக்கு நல்ல வேலை கிடைச்சாலும் ஸ்கூலுக்கு காசு வந்துட்டே இருக்கும். ரிசப்ஷன்ல (இயர் 1க்கு முன்னாடி வர்ற மொத கிளாஸ்) போட்டீங்கன்னா பிரைமரி படிப்பு பூரா கிட்டத்தட்ட கவர் ஆயிடும், கூட்டிப் பாத்தா 9,000 பவுண்டு வருது.

கோளாறு எங்கன்னா, 2014லருந்து ரிசப்ஷன், இயர் 1, இயர் 2 புள்ளைங்க எல்லாருக்குமே சாப்பாடு ஃப்ரீ. லண்டன்ல 2023 செப்டம்பர்லருந்து பிரைமரி மொத்தத்துக்கும் ஃப்ரீ. நல்ல விஷயந்தான், ஆனா "அதான் எல்லாருக்கும் போடுறாங்களேக்கா, நான் எதுக்கு தனியா ஃபார்ம் போடணும்?"னு கேட்டுட்டு போயிடுறாங்க. தட்டுல சோறு எப்படியும் வந்துடும்மா, ஸ்கூலுக்கு வர வேண்டிய காசுதான் வராம போயிடும். 2026 செப்டம்பர்லருந்து யுனிவர்சல் கிரெடிட் வாங்குற எல்லா வீட்டுக்கும் சாப்பாடு ஃப்ரீன்னு அறிவிச்சாங்க இல்ல, அதுலயும் பிரீமியம் கணக்கு பழைய 7,400 வரம்புலதான் நிக்கும்னு சொல்லியிருக்காங்க. அதனால குழப்பம் இன்னும் கூடத்தான் போகுது.

சில பேருக்கு வெக்கம், நாலு பேருக்கு தெரிஞ்சா என்ன நினைப்பாங்கன்னு. புள்ளைங்க சாப்பிடுற இடத்துல யாரு எந்த லிஸ்ட்டுன்னு பக்கத்துல உக்காந்திருக்குற புள்ளைக்கு தெரியவே தெரியாது. இன்னும் சில பேருக்கு விசா பயம். ஸ்கூல் சாப்பாடு குடியேற்ற சட்டத்துல சொல்ற பப்ளிக் ஃபண்ட்ஸ் (அரசாங்க உதவிப் பணம்) லிஸ்ட்லயே இல்ல, விசால அந்த உதவிப் பணம் வாங்கக் கூடாதுன்னு போட்டிருக்குற குடும்பங்களுக்கும் தனி வருமான வரம்பு வச்சு குடுக்குறாங்க.

சரி, காசு வந்து என்ன ஆகுது? நான் பேரன்ட் கவர்னரா, அதாவது ஸ்கூல் நிர்வாகக் குழுவுல பெற்றோர் சார்பா, இருந்தப்ப ஒரு அம்மா "எம்புள்ள பேர்ல வந்த காசுல அவனுக்கு என்ன வாங்கிக் குடுத்தீங்க?"ன்னு நேராவே கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ஆனா அது அந்த புள்ளையோட பாக்கெட் மணி இல்ல, மொத்தமா ஒரு தொகையா வரும், தேவை இருக்குன்னு டீச்சர் நினைச்சா லிஸ்ட்ல இல்லாத புள்ளைக்கும் செலவு பண்ணலாம். பெரும்பகுதி போறது ஆளுங்க சம்பளத்துக்குத்தான்.

ஒரு நாள் கிளாஸ் பாக்கப் போனப்ப காரிடார்ல கோட் மாட்டுற ஆணிகளுக்கு கீழ குட்டி மேசை ஒண்ணு, மூணு புள்ளைங்க, ஒரு டீச்சிங் அசிஸ்டன்ட். எழுத்து அட்டைய ஒவ்வொண்ணா திருப்புறாங்க, ரெண்டு எழுத்து சேர்ந்து ஒரே சத்தம் வர்ற அட்டைல ஒரு பையன் ரெண்டையும் தனித்தனியா சொல்லிட்டு திணர்றான், அவங்க விரல ரெண்டு எழுத்துக்கும் அடில சேத்து இழுத்து காட்டுறாங்க, மறுபடியும், மறுபடியும். முப்பது பேர் இருக்குற கிளாஸ்ல ஒரு டீச்சரால இப்படி நிக்க முடியுமா சொல்லுங்க. பிரீமியம்னா எனக்கு இதுதான். சின்ன குரூப்பா வச்சு சொல்லிக் குடுத்தா நல்ல முன்னேற்றம் வருதுன்னு எஜுகேஷன் எண்டோமென்ட் ஃபவுண்டேஷன்ங்கிற கல்வி ஆராய்ச்சி அமைப்பு தொகுத்த ஆராய்ச்சியும் சொல்லுது. ஆனா அவங்க முதல்ல வைக்கச் சொல்றது கிளாஸ் டீச்சரோட தரத்த, ரெண்டாவதுதான் இந்த மாதிரி குரூப்பு, மூணாவது வருகை, பிரேக்ஃபாஸ்ட் கிளப், டூருக்கு உதவி இதெல்லாம்.

டேப்லெட் வாங்கிக் குவிக்கிற ஸ்கூல பாத்தா எனக்கு கொஞ்சம் எரிச்சல்தான். மேசைல பளபளன்னு இருக்கும், பேரன்ட்ஸ் வர்ற அன்னிக்கு காட்ட நல்லாருக்கும், எழுத்துக்கூட்டி படிக்க வராத புள்ளைக்கு அதனால என்ன? இன்னொரு பக்கம், பட்ஜெட்ல விழுந்த ஓட்டைய அடைக்க இந்த காசத்தான் எடுக்குறோம்னு சட்டன் டிரஸ்ட்ங்கிற கல்வி அறக்கட்டளையோட சர்வேல நிறைய ஸ்கூல் தலைமைகளே ஒத்துக்கிட்டாங்க. அவங்கள திட்டவும் மனசு வரல, சம்பளம், கரன்ட் பில்லு எல்லாம் ஏறிக் கிடக்கு.

அப்புறம் ஒண்ணு, வீட்ல தமிழ் பேசுறதால இந்த காசு வரும்னு நினைக்காதீங்க. ஆங்கிலம் ரெண்டாவது மொழியா இருக்குற புள்ளைங்களுக்கு ஸ்கூல் ஃபண்டிங்ல வேற கணக்கு இருக்கு, இதுல சேராது.

உங்க ஸ்கூல் என்ன பண்ணுதுன்னு பாக்கணும்னா அவங்க வெப்சைட்ல பியூபில் பிரீமியம் ஸ்ட்ராடஜி ஸ்டேட்மென்ட்னு ஒண்ணு இருக்கும், வருஷா வருஷம் டிசம்பர் 31க்குள்ள போட்டே ஆகணும். எவ்வளவு வந்துச்சு, என்னென்ன பிரச்சனை, எதுக்கு எவ்வளவு, போன வருஷம் செஞ்சது பலிச்சுதா, எல்லாம் அதுலயே இருக்கும். நேரா அந்த கடைசி ரிவ்யூ பகுதிக்கு போங்க. அங்க வெறும் "நல்ல தாக்கம்"னு மட்டும் எழுதியிருந்தா, எத வச்சு சொல்றீங்கன்னு பேரன்ட்ஸ் ஈவ்னிங்ல கேக்கலாம், கோச்சுக்க மாட்டாங்க.

ஃபார்முக்கு உங்களோட நேஷனல் இன்சூரன்ஸ் நம்பரும் உங்க பிறந்த தேதியும் இருந்தா போதும், கவுன்சில் வெப்சைட்லயோ ஸ்கூல் ஆஃபீஸ்லயோ போடலாம். சில கவுன்சில்கள் தானாவே சேத்துடுறாங்க, உங்க கவுன்சில் அப்படியான்னு கேட்டுக்கோங்க. கணக்கு எடுக்குறது அக்டோபர் சென்சஸ்ல (ஸ்கூல் புள்ளைங்க விவரத்த அரசாங்கத்துக்கு அனுப்புற கணக்கெடுப்பு), வழக்கமா மாசத்தோட மொத வியாழக்கிழமை, அதனால செப்டம்பர்ல யூனிஃபார்ம் வாங்குற வாரத்துலயே இதையும் முடிச்சுடுங்க.