போகும் சார்

"இந்த மரம் இல்லேன்னா அந்தக் குளவி வேற மரத்துக்குப் போயிடும்ல?" என்று பொறியாளர் கேட்டார். "போகும் சார்" என்றேன். சொன்னது உண்மைதான். ஆனாலும் அந்தப் பதில் இன்னும் மனதை அறுக்கிறது.

குடமுருட்டி ஆற்றின் கரையைக் கட்டுவதற்காக வெட்டப்போகிற மரங்களைக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தோம். எண் போட்டு, சுற்றளவு எழுதி, மதிப்புப் போடுவது என் வேலை. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் கரையில் வேலை நடக்காது, அதனால் எல்லோருக்கும் அவசரம். அவர் கேட்ட மரம் ஒரு அத்தி, அதற்கு விறகு விலைதான் போட முடிந்தது. அடிமரம் வரை பழம் அப்பியிருந்தது. கூட வந்தவர் ஒன்றைப் பிட்டுப் பார்த்து, "அத்தனையும் புழு" என்று பழமொழியைச் சொல்லித் தூக்கி எறிந்தார். அப்போதுதான் நான் வாய் திறந்தேன். அது புழு இல்லை, குளவி. இதை மட்டும் ஒதுக்கிவிட்டுக் கரையைக் கட்டலாமே என்றேன்.

பூவெல்லாம் காய்க்கு உள்ளேயே இருக்கும். கொசுவை விடச் சிறிய பெண் குளவி, காயின் நுனித் துளை வழியாக இறக்கை பிய்ந்துபோக நுழைகிறது. தான் பிறந்த மரத்தின் மகரந்தத்தை உள்ளே தூவி, சில பூக்களில் முட்டையிட்டு, அங்கேயே சாகிறது. முட்டை விழுந்த பூவில் குஞ்சு வளரும், மற்றதில் விதை பிடிக்கும். இறக்கையே இல்லாத ஆண் குளவிகள் முதலில் வெளிப்பட்டு, பெண்களோடு சேர்ந்து, அவை வெளியேற வழி குடைந்துவிட்டு இறந்துவிடும். பெண்கள் மகரந்தத்தோடு பறந்து போகும். அதற்குமேல் அவற்றுக்கு ஓரிரு நாள்தான் ஆயுள். இந்த வகைக் குளவி இல்லாமல் அத்திக்கு விதை இல்லை. அத்திக் காய் இல்லாமல் இதற்கு முட்டையிட வேறு இடமும் இல்லை.

இதையெல்லாம் பொறியாளரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், அதை மறைக்கக் கூடாது. கேட்டுவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நான் "போகும்" என்றதற்கு ஆதாரம் உண்டு. நமீபியாவில், பாலைவனத்து ஆற்றங்கரையில் நிற்கும் அத்தி இன மரங்களுக்கு நடுவே குளவிகள் காற்றோடு 160 கிலோமீட்டர் வரை மகரந்தம் கொண்டு போயிருக்கின்றன. 2009-ல் வந்த ஆய்வு அது. அவ்வளவு தூரம் போகிற பூச்சிக்குத் திருவையாற்றுப் பக்கம் இன்னொரு மரம் கிடைக்காதா? படித்ததை மறைத்து, ஒரு மரத்தைக் காப்பாற்ற "போகாது" என்று சொல்லியிருந்தால், அடுத்த தடவை என் கணக்கை யார் நம்புவார்கள்?

சரி, ஆனால் அவர் கேட்டது தூரத்தைப் பற்றி மட்டும்தானா? ஒரு மரத்துக் காயெல்லாம் பெரும்பாலும் ஒரே பக்குவத்தில் இருக்கும். அதனால் குளவி வெளியே வரும்போது பிறந்த மரத்தில் அதற்கு இடம் இருக்காது. அந்த ஓரிரு நாளில் எங்கோ ஒரு மரம் பிஞ்சோடு, துளை திறந்து காத்திருக்க வேண்டும். மரங்கள் ஆளுக்கொரு காலத்தில் காய்ப்பதால்தான் குளவி பிழைக்கிறது. வேறு பழம் இல்லாத நாளில் மைனாவுக்கும் குயிலுக்கும் வௌவாலுக்கும் இரை கிடைப்பதும் அதனால்தான். கரையில் மரம் குறையக் குறைய அந்த வரிசையில் ஓட்டை விழும். போகிற இடத்தில் மரம் இருந்தும் காய் பக்குவம் இல்லையென்றால் போய் என்ன பயன்?

இதைச் சொல்லியிருந்தால் மரம் நின்றிருக்குமா? நின்றிருக்காது என்றுதான் பல நாள் நினைக்கிறேன். கரை உடைந்தால் மூழ்குவது ஊரும் நடவும், அந்தப் பயத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. பதிலுக்கு நடப்போகிற கன்றுகளின் பட்டியலில் புங்கனும் வேம்பும்தான் இருந்தன. அத்தியையும் சேர்க்கச் சொன்னேன், சேர்த்தார்கள். ஆனால் கன்று வளர்ந்து காய்க்க வருடங்கள் ஆகும், குளவிக்கு இருப்பதோ ஓரிரு நாள்.

இப்போது எந்தக் கரையில் அத்தி, ஆல், அரசு வந்தாலும் குறிப்புப் பத்தியில் காய் எந்தப் பக்குவத்தில் இருக்கிறது, அடுத்த மரம் எங்கே நிற்கிறது என்று எழுதுகிறேன். அதே கேள்வியை அவர் மறுபடி கேட்டாலும் "போகும் சார்" என்றுதான் தொடங்குவேன். எந்த மரத்துக்கு என்று ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம் வாங்க என்றும் சொல்வேன். ஜூன் நெருங்கும்போது அவர் வருவாரா என்பது தெரியாது.