கிண்ணத்தில் சாகும் புழு, ஆட்டுக்குள் சாகுமா?

மூலிகைக் குடற்புழு நீக்கம் பற்றிய ஆய்வில் சேர்ந்த புதிதில், ஆட்டிறைச்சிக் கூடத்துக்குப் போய் நாலாம் இரைப்பைகளை வாங்கி வருவது என் வேலை. கத்தரியால் பிளந்தால் உட்சுவரில் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிக்கொண்ட நூலிழைகள் மாதிரி புழுக்கள் நெளியும். ஹீமாங்கஸ் கன்டார்டஸ் என்ற இரத்தம் உறிஞ்சும் உருளைப்புழு. ஒரு புழு நாளொன்றுக்கு சுமார் 0.05 மில்லி இரத்தம் உறிஞ்சும். ஆயிரம் புழு என்றால் 50 மில்லி. குட்டி தாங்காது. கண் இமையின் உட்புறம் வெளுத்துவிடும், தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கும்.

அந்தப் புழுக்களை வெதுவெதுப்பான உப்புநீரில் விட்டு, குப்பைமேனி, புரசு விதை, வேப்பங்கொட்டை, பாகல் என்று ஒவ்வொரு சாறாகச் சேர்த்துப் பார்ப்போம். ஒப்பிட்டுப் பார்க்க, பக்கத்துக் கிண்ணத்தில் அல்பென்டசோல் என்ற வழக்கமான குடற்புழு மருந்து, இன்னொன்றில் வெறும் உப்புநீர். சில சாறுகளில் கொஞ்ச நேரத்திலேயே புழுக்கள் அசைவற்றுப் போகும். பார்க்க உற்சாகமாகத்தான் இருக்கும். ஆனால் ஆட்டின் முதல் வயிறு பல லிட்டர் கொள்ளும். சாறு அதில் நீர்த்துப்போகும், அங்குள்ள நுண்ணுயிரிகள் மிச்சத்தையும் சிதைத்துவிடலாம். அதையும் தாண்டி நாலாம் இரைப்பைக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்பதுதான் கேள்வி. இன்னொன்று: மண்புழுமேல் சோதித்துவிட்டு, குடற்புழுவுக்கு மருந்து கண்டதாக முடிக்கும் கட்டுரைகள் நிறைய வருகின்றன. மண்ணில் வாழும் மண்புழு எங்கே, இரத்தம் குடிக்கும் உருளைப்புழு எங்கே? அந்த முடிவுகளை நான் ஏற்பதில்லை.

உண்மையான சோதனை பட்டியில்தான். மலக்குடலிலிருந்தே புழுக்கை எடுத்து, 2 கிராமை 28 மில்லி அடர் உப்புக்கரைசலில் கரைத்து வடிகட்டி, அதில் மிதக்கும் புழு முட்டைகளை, இரண்டு சிறு அறைகள் கொண்ட மெக்மாஸ்டர் கண்ணாடியில் வைத்து எண்ணுவோம். இரண்டு அறையிலும் சேர்த்து ஒரு முட்டை தெரிந்தால் கிராமுக்கு 50 என்று கணக்கு. மருந்து கொடுத்து இரண்டு வாரம் கழித்து மறுபடி எண்ண வேண்டும்.

"டாக்டரம்மா, இந்த ஆடுகளுக்கு மட்டும் ஏன் வெறும் தண்ணி ஊத்துறீங்க?" என்று ஆடு வளர்க்கும் அக்கா ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. மழை ஓய்ந்து மேய்ச்சல் தரை காய்ந்தாலே முட்டை எண்ணிக்கை தானாக இறங்கக்கூடும். தண்ணீர் குடித்த ஆடுகள் இல்லாவிட்டால், அந்த இறக்கத்தையும் மூலிகையின் பெயரில் எழுதிவிடுவோம். கண் வெளுத்தால் எந்த ஆட்டையும் சோதனையிலிருந்து எடுத்து, வேலை செய்கிற மருந்தைக் கொடுத்துவிடுவோம் என்று சொன்ன பிறகுதான் சம்மதித்தார். அப்புறம் தினமும் இமையைப் புரட்டிப் பார்த்தது அவர்தான்.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் பல மந்தைகளில் அல்பென்டசோல் வகை மருந்துகளுக்குப் புழுக்கள் மசிவதில்லை. நல்ல மருந்தென்றால் முட்டை எண்ணிக்கையை 95 சதவீதமாவது குறைக்க வேண்டும். நான் ஆட்டில் பார்த்த மூலிகை எதுவும் அதை எட்டவில்லை. பாதி குறைத்தாலும் மேய்ச்சல் தரையில் விழும் முட்டை குறையும், அதற்கும் மதிப்பு உண்டு என்பது என் எண்ணம்.

ஆனால் பச்சிலைதானே என்று எதையும் அரைத்து ஊற்றக் கூடாது. புழுவுக்குப் பேர்போன ஆடுதீண்டாப்பாளையில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் உண்டாக்கும். பால் கறக்கும் ஆட்டுக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்று போகிற ஊரிலெல்லாம் சொல்லிவருகிறேன்.