சபாபதியைச் சாகடிக்க வேண்டும்

மார்ச் 4
இன்றும் இருபத்திரண்டாம் அத்தியாயத்தைத் தொடவில்லை. அதில் சபாபதி சாக வேண்டும். நாவலைத் தொடங்கிய நாளிலேயே முடிவான விஷயம்தான். அவர் போனால்தான் சொத்துப் பிரிப்பு வரும், தம்பி மனைவி குழலி வீட்டை விட்டுக் கிளம்புவாள். ஆனால் மேசையில் உட்கார்ந்தால் பழைய அத்தியாயங்களில் காற்புள்ளி திருத்திக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 7
எழுதிவிட்டேன். 'உயிர் பிரிந்தது' என்று போட்டுவிட்டு, 'மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது' என்று மாற்றினேன். அப்புறம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இப்போது கதைக்குத் தேவையே இல்லாத ஒரு டாக்டர் உள்ளே வந்து நிற்கிறார்.

மார்ச் 8
'மதாம் போவாரி' நாவலில் நாயகி எம்மா விஷம் தின்னும் இடத்தை எழுதியபோது தன் நாக்கிலேயே ஆர்சனிக் ருசி தெரிந்ததாகவும், சாப்பிட்டதெல்லாம் வாந்தியாகிவிட்டதாகவும் பிரெஞ்சு நாவலாசிரியர் ஃப்ளோபேர் 1866-இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். முன்பு படித்தபோது கொஞ்சம் அதிகம்தான் என்று தோன்றியது. இன்று அப்படித் தோன்றவில்லை. ஆனால் அவர் கதையிலும் டாக்டர்கள் வருகிறார்கள். அவளைப் பிழைக்க விடவில்லை மனிதர்.

மார்ச் 11
தங்கை இருபத்தொரு அத்தியாயங்களையும் படித்து முடித்தாள். "குழலிதான் அக்கா உயிரோட இருக்கா. சபாபதி நல்லவர்தான், ஆனா அவர் வந்தாலே பக்கத்தைத் தள்ளிடலாமானு இருக்கு."

கோபம் வந்தது. ராத்திரி அவர் வரும் இடங்களை மட்டும் எடுத்துப் படித்தேன். மனிதர் ஒரு இடத்தில்கூடப் பொய் சொல்லவில்லை, குரல் உயர்த்தவில்லை. குழலியை எனக்குப் பிடிக்காது, அதனால் அவளுடைய அற்பத்தனம் ஒன்றையும் விடாமல் எழுதியிருக்கிறேன். இவரை மட்டும் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு உட்கார வைத்திருக்கிறேன்.

அப்புறம் பழைய நோட்டைப் புரட்டினேன். 'அம்மாவின் வளையலை அடகு வைத்துவிட்டு, திருட்டுப் போய்விட்டது என்கிறார் ச.' என் கையெழுத்துதான். நாவலில் அது இல்லை. எப்போது எடுத்தேன் என்றே தெரியவில்லை.

மார்ச் 15
வளையலை ஒன்பதாம் அத்தியாயத்தில் சேர்த்தேன். பழி குழலி மேல் விழுகிறது. சபாபதி வாசலில் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டே, "யாரையும் சந்தேகப்பட வேண்டாம்" என்கிறார். வார் ஓட்டையில் கொக்கி மூன்று முறை தவறுகிறது. அதை நான் திட்டமிடவில்லை. எழுதி முடித்ததும் அவர் மேல் வந்த ஆத்திரத்தில் இரண்டு மணி நேரம் நாவல் பக்கமே போகவில்லை.

மார்ச் 19
ஆங்கில நாவலாசிரியர் ட்ராலப் ஒரு கிளப்பில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது, இரண்டு பாதிரிமார்கள் அவருடைய நாவல்களில் திருமதி ப்ரௌடி என்ற பாத்திரம் திரும்பத் திரும்ப வருகிறாள் என்று அலுத்துக்கொண்டார்களாம். நேரே அவர்களிடம் போய், இந்த வாரத்துக்குள் அவளைத் தீர்த்துவிடுகிறேன் என்று சொன்னவர், சொன்னபடி செய்தார். பிறகு சுயசரிதையில், அவளுடைய ஆவியோடுதான் இன்னும் வாழ்ந்துகொண்டிருக்கிறேன் என்கிறார். இத்தனைக்கும் அவள் ஊரையே ஆட்டி வைத்த அடங்காப்பிடாரி.

மார்ச் 23
முடிந்தது. அரைப் பக்கம். டாக்டரைக் கதையிலிருந்து அடித்து நீக்கிவிட்டேன், அவர் போனதில் எந்த வருத்தமும் இல்லை.

மார்ச் 24
இருபத்துமூன்றாம் அத்தியாயம். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் குழலி ஐந்து தட்டு எடுத்து வைக்கிறாள். மதியம் திரும்பப் படித்தபோதுதான் எண்ணினேன். வீட்டில் இப்போது நான்கு பேர். நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம்.