பரத்பூர்ல ஈ எண்ணப் போனோம்

ராஜஸ்தான்ல இருக்கிற பரத்பூர்னா எல்லாருக்கும் பறவைதான். குளிர்காலத்துல கேவலாதேவ் பூங்கா முழுக்க பைனாகுலர் கூட்டமா இருக்கும், நாங்க போனது மழைக்காலத்துல, அதுவும் மிருகங்களைக் கடிச்சு ரத்தம் குடிக்கிற குதிரை ஈ, மான் ஈ எல்லாம் என்னென்ன வகை இருக்குன்னு கணக்கெடுக்கிற ஒரு டீமோட. நான் பூச்சி படிச்ச ஆள் இல்ல, ஃப்ரெண்டு கூப்பிட்டான், வனத்துறை பர்மிஷன்ல என் பேரும் சேர்த்திருந்தாங்க, கிளம்பிட்டேன்.

மொத்தமே 29 சதுர கிலோமீட்டர்தான், சைக்கிள்லயே சுத்திடலாம். சதுப்பு ஓரமா ட்ராப் கட்டுனோம். முன்னாடி நீலமும் கறுப்புமா துணி, பின்னாடி வெள்ளை வலை, உச்சில ஒரு பாட்டில். ஆப்பிரிக்காவுல செட்ஸி ஈயையும் மத்த கடி ஈயையும் பிடிக்க உருவாக்குன டிசைன் இது. பெரிய இருட்டான உருவத்தைப் பார்த்தா ஏதோ மிருகம்னு ஈ வந்துடும், அப்புறம் வெளிச்சம் தெரியுற பக்கமா மேல ஏறி பாட்டில்ல மாட்டிக்கும். மாட்டுனது முக்காவாசி பொண்ணு ஈதான், ஏன்னா முட்டை வைக்க ரத்தம் தேவைப்படுறது அதுக்குத்தான், ஆண் ஈ பூந்தேனோட நிறுத்திக்கும். ஆணுக்கு ரெண்டு கண்ணும் ஒட்டியிருக்கும், பொண்ணுக்கு நடுவுல இடைவெளி.

அந்தக் கண்ணு இருக்கே! பச்சையா பட்டுப்பொடவை மாதிரி மின்னுது, சிலதுல ஊதா பட்டை வேற. செத்ததும் கலர் மங்கிடும்ங்கறதால உயிரோட இருக்கும்போதே போட்டோ எடுத்தாகணும். றெக்கைல கறுப்புப் பட்டை இருந்தா மான் ஈ, கிரைசாப்ஸ். எங்களுக்கு அதிகமா கிடைச்சது டபானஸ்ங்கற குதிரை ஈ.

எதுக்கு இதெல்லாம்னு கேக்கறவங்களுக்கு: கடிக்கும்போது மிருகம் வாலால விரட்டுனா, வாயில ஒட்டுன ரத்தத்தோட அடுத்த மிருகத்துக்குப் போயிடும். ரத்தத்துல கிருமி பெருகி மிருகங்களுக்கு வர்ற சுர்ரா நோய் இப்படித்தான் பரவுது, குதிரை, ஒட்டகம்னு எத்தனையோ செத்திருக்கு. அந்தக் கிருமியை 1880ல பஞ்சாப் பக்கம் கண்டுபிடிச்சது கிரிஃபித் எவன்ஸ்ங்கற ராணுவ கால்நடை டாக்டர். பூங்காவுல 1982ல மேய்ச்சலைத் தடை பண்ணாங்க, போராட்டத்துல துப்பாக்கிச்சூடு நடந்து உயிரே போச்சு, ஆனாலும் நீல்காய்ங்கற பெரிய மான், புள்ளிமான், அவுத்துவிட்ட மாடுன்னு ஈக்கு இன்னும் சாப்பாடு இருக்கு. பல வகையோட புழு வளர்றது ஈரச் சேத்துலதான், அதனால தண்ணி வரத்து மாறுனா ஈயும் மாறும், இப்பவே எண்ணி வச்சாதான் நாளைக்கு ஒப்பிட முடியும். பறவைக்குக் காட்டுற அக்கறைல கொஞ்சமாவது இதுக்கும் காட்டணும்னு எனக்குத் தோணுது.

மழைக்காலத்துல போறவங்க வெளிர் கலர்ல முழுக்கை சட்டை போட்டுட்டுப் போங்க, கருநீலம் வேண்டவே வேண்டாம்.